நல்ல கட்டிக்கு எதற்குக் குடலை வெட்ட வேண்டும்?

(குடல் நோய் மருத்துவர் ஒருவர் நூலக அரங்கொன்றில் பொதுமக்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

குடலைப் பற்றிய பேச்சு என்று தெரிந்தும் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். பின்வரிசையில் டீயும் வடையும் போய்க்கொண்டிருப்பது தெரிகிறது. சாப்பிடுகிறவர்கள் முதல் பத்து நிமிடத்துக்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்; அதற்குப் பிறகு நான் பொறுப்பில்லை.

போன வருடம் ஒரு பாட்டி வந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். மகன் கையில் தடிமனான ஃபைல். பெருங்குடலின் வலப்பக்கத்தில், சிறுகுடல் வந்து சேரும் இடத்துக்குச் சற்று மேலே, நான்கு சென்டிமீட்டர் அளவில் ஒரு பாலிப். பயாப்சி எடுத்திருந்தார்கள், புற்றுநோய் இல்லை. ஆனாலும் அந்தப் பக்கத்துக் குடலை வெட்டியெடுக்க ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. மகன்தான் பேசிக்கொண்டிருந்தார். பாட்டி இடைமறித்தார்: “ஏன் தம்பி, நல்ல கட்டின்னுதானே சொல்றாங்க? நல்ல கட்டின்னா அதை மட்டும் எடுங்க. கூட எதுக்குக் குடலு?”

முப்பது வருடமாக மருத்துவ மாநாடுகளில் நாங்கள் சுற்றிச் சுற்றிப் பேசும் விஷயத்தை அந்த அம்மா ஒரே மூச்சில் கேட்டுவிட்டார். அதற்கான பதிலைத்தான் இன்று உங்களிடம் சொல்லப்போகிறேன்.

பாலிப் என்றால் குடலின் உள்தோலில் முளைக்கும் சதை. சில பாலிப்புகள் காம்போடு காளான் மாதிரி நிற்கும். சில குளத்துப் படிக்கட்டில் பாசி படர்ந்தாற்போல் தரையோடு தரையாகப் பரவிக் கிடக்கும். பெரும்பாலும் வலி இருக்காது. சிலருக்கு இரத்தம் கசியும். அப்போது நம் ஊரில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். பேருந்து நிலையச் சுவரில் ‘மூலம், பௌத்திரம்’ என்று எழுதியிருக்கும் இடத்துக்குப் போவோம். இரத்தம் வந்தாலே மூலம் என்று நாமே முடிவுகட்டி இரண்டு வருடத்தைக் கழித்துவிட்டு வருகிறவர்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன்.

இந்தச் சதையை ஏன் எடுக்க வேண்டும்? இலண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில் பேசில் மார்சன் என்ற நோயியல் அறிஞர் இருந்தார். அவரும் அவருடைய சகாக்களும் ஆயிரக்கணக்கான பாலிப்புகளைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்து, 1970களில் ஒன்றை அழுத்தமாகச் சொன்னார்கள்: பெருங்குடல் புற்றுநோயில் பெரும்பகுதி அடினோமா என்னும் நல்ல கட்டியிலிருந்துதான் பிறக்கிறது. எல்லா அடினோமாவும் கெட்டுப்போவதில்லை. கெட்டுப்போகிறதும் பல வருடம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் அளவு பெரிதாகப் பெரிதாக வாய்ப்பும் கூடும். அமெரிக்காவில் சிட்னி வினாவர் தலைமையில் நடந்த தேசிய பாலிப் ஆய்வு 1993இல் வெளியானது. பாலிப்பை எடுத்துவிட்டவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வருவது எதிர்பார்த்ததைவிட 76 முதல் 90 சதவீதம் வரை குறைந்திருந்தது. ஆகவே “நல்ல கட்டிதானே, அது பாட்டுக்கு இருக்கட்டும்” என்று பெரிய பாலிப்பை விட்டுவைக்க முடியாது. எடுத்தாக வேண்டும். எப்படி எடுப்பது என்பதில்தான் வழக்கு.

அதற்கு அமெரிக்க ஜனாதிபதிகள் இருவரைச் சாட்சிக்கு அழைக்கிறேன். 1985 ஜூலை 12. ரொனால்ட் ரீகனுக்குச் சின்ன பாலிப் ஒன்றை எடுக்கத்தான், பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி செய்தார்கள். குழாய் உள்ளே போய்ப் பார்த்தால், பெருங்குடலின் தொடக்கத்தில், சீக்கம் என்னும் பையில், எலுமிச்சம்பழ அளவுக்கு, ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டரில் இன்னொன்று உட்கார்ந்திருந்தது. மறுநாளே வயிற்றைத் திறந்து இரண்டு அடி நீளக் குடலோடு சேர்த்து எடுத்தார்கள். ஏறத்தாழ எட்டு மணி நேரம் நாட்டின் பொறுப்பு துணை ஜனாதிபதி புஷ் கையில் இருந்தது. இரண்டு நாள் கழித்து வந்த சோதனை முடிவில் புற்றுநோய் இருந்தது. ரீகன் அதற்குப் பிறகு 2004 வரை வாழ்ந்தார். அவருக்குச் செய்தது சரியான ஆபரேஷன்தான்.

அடுத்தவர் ஜோ பைடன். 2021 நவம்பரில் அவருக்கும் கொலோனோஸ்கோப்பி நடந்தது. மயக்க மருந்து கொடுத்ததால் 85 நிமிடம் துணை ஜனாதிபதி கமலா ஹாரிஸ் பொறுப்பில் இருந்தார். கொத்தமல்லி விதை அளவில், மூன்று மில்லிமீட்டரில் ஒரு அடினோமா. குழாய் வழியாகவே எடுத்தாயிற்று.

மல்லி விதைக்குக் குழாய், எலுமிச்சைக்குக் கத்தி என்று கணக்கு முடிந்துவிட்டால் நான் இங்கே நிற்க வேண்டியதில்லை. எலுமிச்சை அளவில் இருந்தும் உள்ளே புற்றுநோய் இல்லாதவைதான் அதிகம். பாட்டியுடையது அந்த ரகம். ‘கடினமான பாலிப்’ என்று நாங்கள் சொல்வது இவற்றைத்தான்.

கருவியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வளைந்த இடத்துக்குள் எட்டிப்பார்க்க ஒளியே வளைந்து போக வேண்டும். பஞ்சாபின் மோகா ஊரில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, இலண்டனில் ஹரால்ட் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து, மெல்லிய கண்ணாடி இழைக் கட்டின் வழியே படத்தைக் கடத்தலாம் என்று 1954இல் காட்டினார். மூன்றே வருடத்தில், 1957இல், மிச்சிகனில் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் இழைக்குழாய் செய்து தன் தொண்டைக்குள்ளேயே முதலில் விட்டுப் பார்த்தார். பெருங்குடல் பாலிப்பைக் குழாய் வழியாக எடுக்க இன்னும் பன்னிரண்டு வருடம் ஆயிற்று. நியூயார்க்கில் வில்லியம் வுல்ஃபும், ஜப்பானிலிருந்து வந்த ஹிரோமி ஷின்யாவும் 1969 செப்டம்பரில் கொலோனோஸ்கோப் வழியாகக் கம்பிச் சுருக்கை நுழைத்து, பாலிப்பின் காம்பில் மாட்டி, கரண்ட் கொடுத்து அறுத்தெடுத்தார்கள். ஓணான் பிடிக்க ஈர்க்குச்சியில் சுருக்குப் போட்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். தத்துவம் அதேதான்.

காம்புள்ள பாலிப்புக்குச் சுருக்கு போதும். கொழுத்த காம்பானால் உள்ளே இரத்தக்குழாய் ஓடும். முதலில் அடியில் ஒரு நைலான் வளையத்தை இறுக்கிவிட்டு மேலே அறுப்போம். பாசி மாதிரிப் படர்ந்ததை எப்படிச் சுருக்கில் மாட்டுவது? குடல் சுவரின் மொத்தத் தடிமனே இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். விரிந்த நிலையில் இன்னும் மெலியும், வலப்பக்கத்தில் அதிலும் மெல்லிசு. அழுத்திப் பிடித்து அறுத்தால் பாலிப்போடு சுவரும் வந்துவிடும், குடல் ஓட்டையாகும்.

வழி காட்டியது வெறும் உப்பு நீர். நார்மன் ரோசன்பர்க் என்ற அறுவை மருத்துவர் 1955இலேயே மலக்குடல் பாலிப்பைச் சுடுவதற்கு முன் அடியில் சலைனை ஏற்றினால் சுவர் தப்பும் என்று எழுதினார். 1973இல் பீட்டர் டெய்லெவின் குழு அதையே கொலோனோஸ்கோப் வழியாகச் செய்தது. இன்று நாங்கள் செய்வதும் அதன் வளர்ச்சிதான். குடல் சுவரில் உள்தோல், அதன் அடியில் தளர்ந்த ஒரு படலம், அதற்கும் அடியில் தசை என்று அடுக்கு இருக்கிறது. அந்த நடுப்படலத்தில் நீல மருந்து கலந்த திரவத்தை ஊசியில் ஏற்றினால், எண்ணெயில் போட்ட பூரி மாதிரி பாலிப் உப்பி எழும். மேலே பாலிப், நடுவே நீல மெத்தை, கீழே தசை. இப்போது சுருக்கைப் போட்டு இறுக்கினால் மெத்தைக்கு மேலேதான் அறுபடும். எடுத்த இடத்தில் தரை நீலமாக இருந்தால் எங்களுக்கு நிம்மதி.

சலைன் சீக்கிரம் வடிந்துவிடும் என்பதால் ஜெலட்டின் கலந்த கெட்டியான திரவங்கள் வந்துவிட்டன. இரத்தக்குழாய் சுருங்கத் துளி அட்ரினலினும் சேர்ப்போம். இரண்டு சென்டிமீட்டருக்குள் இருந்தால் ஒரே துண்டாக எடுக்கப் பார்ப்போம். அதற்கு மேல் போனால் பலாச்சுளை பிரிக்கிற மாதிரி துண்டு துண்டாகத்தான். முதல் சுருக்கு ஓரத்தில் நல்ல தோலையும் கொஞ்சம் பிடிக்க வேண்டும். அடுத்தது முந்தைய வெட்டின் விளிம்பை ஒட்டி. நடுவில் தீவு தீவாக விட்டுவிட்டால் பிறகு அதைப் பிடிப்பது பெரும்பாடு. பார்க்கிறவர்களுக்கு ஏதோ பொறுமையாகக் கோலம் போடுகிற மாதிரி இருக்கும். செய்கிறவருக்கு முதுகெல்லாம் வேர்த்திருக்கும்.

சான்பிரான்சிஸ்கோவில் கென்னத் பின்மொல்லர் 2012இல் ஊசியே இல்லாத ஒரு வழியைச் சொன்னார். குடலில் காற்றுக்குப் பதில் தண்ணீரை நிரப்புங்கள் என்றார். தண்ணீரில் தசைச்சுவர் வட்டமாக அப்படியே நிற்கிறது, உள்தோல் மட்டும் பாலிப்போடு மிதந்து எழுகிறது. மீயொலிக் கருவியில் அதைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது. எளிய காரியம், நாற்பது வருடம் யாருக்கும் தோன்றவில்லை.

கரண்ட் வைத்து வேலை செய்யும் இடத்தில் தீப்பற்றும் வாயு இருக்கக்கூடாது. இதற்கு ஒரு உயிர் விலை கொடுத்திருக்கிறோம். ஒரு காலத்தில் குடலைச் சுத்தம் செய்ய மானிடால் என்னும் சர்க்கரைக் கரைசலைக் கொடுப்பார்கள். குடல் பாக்டீரியா அதைத் தின்று ஹைட்ரஜனை உண்டாக்கும். அப்படிச் சுத்தம் செய்த நோயாளி ஒருவர் பாலிப் எடுக்கும்போது குடலே வெடித்து இறந்தார் என்ற செய்தி 1979இல் மருத்துவ இதழில் வந்தது. ஆகவே முந்தின இரவு லிட்டர் லிட்டராக அந்த உவர்ப்புத் தண்ணீரைக் குடிக்கச் சொல்லும்போது எங்களைச் சபிக்காதீர்கள். “கொஞ்சம் மிச்சம் வைத்துவிட்டேன் டாக்டர்” என்றும் சொல்லாதீர்கள்.

இனி, பாலிப் ‘கடினம்’ ஆவது எப்போது? அளவு, வடிவம், இருக்கும் இடம், கருவி எட்டும் வசதி ஆகிய நான்குக்கும் மதிப்பெண் போட்டு 4 முதல் 17 வரை கணக்கிடும் முறை ஒன்றைப் பிரிட்டனில் வகுத்தார்கள். 12க்கு மேல் போனால் அதில் தேர்ந்தவரிடம் அனுப்ப வேண்டும். குடல்வால் வாயில் நுழைந்திருப்பது, சிறுகுடல் வால்வின் உதட்டில் இருப்பது, மடிப்பின் முதுகில் ஒளிந்திருப்பது எல்லாம் சிரமம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த மதிப்பெண்ணில் அடங்காத ஒரு சிரமம் இருக்கிறது. அதை உண்டாக்கியவர்கள் நாங்கள்.

படர்ந்த பாலிப்பைப் பார்த்ததும் கை பரபரக்கும். ஐந்து இடத்தில் பயாப்சி எடுப்போம். அடையாளத்துக்குக் கறுப்பு மையைப் பாலிப்பின் அடியிலேயே குத்திவைப்போம். அல்லது கொஞ்சம் வெட்டிப் பார்த்துவிட்டு நிறுத்துவோம். ஒவ்வொன்றும் நடுப்படலத்தில் தழும்பை உண்டாக்கும். பிறகு நீல மருந்தை ஏற்றினால் சுற்றியுள்ள தோல் உப்பும், பாலிப் மட்டும் உப்பாத பூரியாகத் தரையோடு ஒட்டிக்கிடக்கும். ஜப்பானில் ஊனோ குழுவினர் 1994இல், உப்பாமல் கிடந்தால் ஆழமாக வேரோடிய புற்றுநோயாக இருக்கலாம் என்று எச்சரித்தார்கள். உண்மைதான். ஆனால் வெறும் தழும்பும் அதே வேஷத்தைப் போடும்.

என் கதையையே சொல்கிறேன். பயிற்சி முடித்த புதிது. வேறு ஊர். மாலை ஐந்து மணி, வெளியே பதினோரு பேர் காத்திருந்தார்கள். ஒரு பெரியவருக்கு இடப்பக்கக் குடலில் மூன்று சென்டிமீட்டர் பாலிப். திட்டமிடாமல் அன்றைக்கே ஆரம்பித்தேன். இரண்டு துண்டு எடுத்ததும் இரத்தம் கசிந்தது, பயந்துவிட்டேன். மீதியை அடுத்த மாதம் பார்க்கலாம் என்று வெளியே வந்தேன். அடுத்த மாதம் அது இம்மியும் எழவில்லை. கடைசியில் அவருக்குக் குடலை வெட்டித்தான் எடுத்தார்கள். வெட்டிய குடலில் புற்றுநோய் ஒரு துளி இல்லை. அந்தப் பாலிப் கடினமாக இருக்கவில்லை, நான்தான் கடினமாக்கினேன். அவரிடம் இதைச் சொல்லும் தைரியமும் அன்று எனக்கு இல்லை.

கை எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு போதும். ஐந்து முதல் இருபது மில்லிமீட்டர் வரையிலான, அதாவது சாதாரணப் பாலிப்புகளை ‘முழுவதும் எடுத்தாயிற்று’ என்று மருத்துவர்கள் எழுதிய பிறகு, ஓரத்தில் தோலை எடுத்துப் பார்த்தார்கள். பத்தில் ஒன்றில் மிச்சம் இருந்தது. மருத்துவருக்கு மருத்துவர் அது 6.5 சதவீதத்திலிருந்து 22.7 சதவீதம் வரை மாறியது.

துண்டு துண்டாக எடுத்தால் மீண்டும் முளைக்காதா என்று கேட்பீர்கள். முளைக்கும். பல காலம் இந்த முறைமேல் இருந்த பெரிய குறையே அதுதான். சிட்னியில் வெஸ்ட்மீட் மருத்துவமனையின் மைக்கேல் போர்க்கும் அவர் குழுவினரும் இதைப் பிடிவாதமாகத் துரத்தினார்கள். பெரிய பாலிப்பை எடுத்த பிறகு, வெட்டின் விளிம்பைச் சுற்றிலும் சுருக்கின் நுனியால் மெல்லச் சுட்டுவிட்டால் என்ன ஆகும்? 2019இல் முடிவு வந்தது. சுடாதவர்களில் 21 சதவீதம் பேருக்கு மீண்டும் முளைத்தது, சுட்டவர்களில் 5.2 சதவீதம்தான். புதுக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை, ஒரு சில நிமிட வேலை. என் துறையில் இவ்வளவு மலிவாக இவ்வளவு பெரிய பலன் கிடைத்த வேறொன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். பெரிய பாலிப் எடுக்கும்போது நூற்றில் ஒருவர் இருவருக்குக் குடலில் ஓட்டை விழலாம். அதனால்தான் வெட்டிய துண்டைத் திருப்பி அதன் முதுகையும் பார்ப்போம். நீலத்துக்கு நடுவே வெள்ளை வட்டம் தெரிந்தால் தசையும் வந்துவிட்டது என்று அர்த்தம். அங்கேயே உலோகக் கிளிப் போட்டு மூடிவிடலாம். இரத்தக்கசிவு பத்து நாள் கழித்துக்கூட வரலாம். இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்பட்டவற்றில் காயத்தைக் கிளிப்பால் மூடினால் அது 7.1 சதவீதத்திலிருந்து 3.5 சதவீதமாகக் குறைந்தது என்று 2019இல் வந்த ஆய்வு காட்டியது. பலன் வலப்பக்கக் குடலில்தான் அதிகம். இதயத்துக்காக இரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நீங்களாக நிறுத்தவும் கூடாது.

தராசின் மறு தட்டில் ஆபரேஷனை வையுங்கள். அமெரிக்காவில் புற்றுநோய் இல்லாத பாலிப்புக்காகக் குடலை வெட்டிக்கொண்ட பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். 14 சதவீதம் பேருக்குப் பெரிய சிக்கல். முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் 0.7 சதவீதம். ஆயிரத்தில் ஏழு பேர், புற்றுநோயே இல்லாத ஒன்றுக்காக. அப்படியிருந்தும் அந்த நாட்டில் 2000க்கும் 2014க்கும் இடையே இத்தகைய ஆபரேஷன் குறையவில்லை, கூடியிருந்தது. கருவி வளர வளர அதைக் கையாளத் தெரிந்தவரிடம் அனுப்பும் பழக்கம் வளரவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

ரீகனின் பாலிப் எது, பாட்டியின் பாலிப் எது என்று வெட்டுமுன்பே எப்படித் தெரியும்? கண்ணால்தான். ஜப்பானின் ஷின்-எய் குடோ, சாயம் தெளித்து உருப்பெருக்கிப் பார்த்து, பாலிப்பின் மேல் உள்ள நுண்குழிகளின் வடிவத்தை வைத்தே உள்ளே என்ன என்று படிக்கக் கற்றுக்கொடுத்தார். இன்று ஒரு பொத்தானை அழுத்தினால் நீலமும் பச்சையுமான ஒளிமட்டும் விழும், இரத்தக்குழாய்கள் கரும்பழுப்பாகத் துலங்கும். குழாய்கள் ஒழுங்காக ஓடினால் நல்லது. அறுந்தும் சிதைந்தும் கிடந்தால் ஆழமாகப் போயிருக்கிறது, அறுவை மருத்துவரிடம் அனுப்புவதே நியாயம். இரண்டுக்கும் நடுவே சந்தேகத்துக்கு இடமானவற்றை ஒரே துண்டாக எடுக்க வேண்டும். அதற்குத்தான் 1990களின் பிற்பகுதியில் ஜப்பானியர்கள் மின்கத்தியால் நடுப்படலத்தையே உரித்தெடுக்கும் முறையை வளர்த்தார்கள். நேரம் பிடிக்கும், ஓட்டை விழும் வாய்ப்பும் கூடுதல், கற்க வருடங்கள் ஆகும். எல்லாப் பாலிப்புக்கும் அது வேண்டியதில்லை என்பது என் கட்சி. மாற்றுக்கருத்து உள்ள நண்பர்கள் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள்.

பயாப்சி அறிக்கையில் சில சமயம் ‘ஹை கிரேடு டிஸ்பிளேசியா’ என்றும், ‘கார்சினோமா இன் சிட்டு’ என்றும் இருக்கும். கார்சினோமா என்ற சொல்லைக் கண்டதும் குடும்பமே அழ ஆரம்பித்துவிடும். உள்தோலோடு நிற்கும் மாற்றம் அது. பெருங்குடலின் உள்தோலில் அது பரவுவதற்கான நிணநீர்ப் பாதை இல்லை என்றே சொல்லலாம். முழுவதும் எடுத்துவிட்டால் தீர்ந்தது. அந்த ஒரு சொல்லுக்காகக் குடலைக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பாட்டிக்கு வருகிறேன். ஆபரேஷன் இல்லாமல் குழாய் வழியாகவே எடுத்தோம். பயாப்சித் தழும்பினால் நடுவில் ஓரிடம் சரியாக எழவில்லை. ஒன்றரை மணி நேரம் ஆயிற்று, ஏழு துண்டுகள். மறுநாள் மாலை வீட்டுக்குப் போனார். ஆறு மாதம் கழித்து மறுபடி குழாய் விட்டுப் பார்த்தபோது வெள்ளைத் தழும்பின் ஓரத்தில் சின்னதாக ஒரு முளை இருந்தது; கரண்ட்கூட இல்லாமல் வெறும் சுருக்கில் எடுத்துவிட்டோம். அடுத்த பார்வை ஒரு வருடம் கழித்து. இப்படித் திரும்பத் திரும்ப வர முடியாதவர்களுக்கு இந்த வைத்தியம் சரிப்படாது. அதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவேன்.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ பாலிப் பெரிதாக இருக்கிறது, குடலை வெட்ட வேண்டும் என்று சொன்னால், கையெழுத்துப் போடுவதற்கு முன் கொலோனோஸ்கோப்பியின் வண்ணப் படங்களைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை. வாரம்தோறும் பெரிய பாலிப் எடுக்கிறவர் ஒருவரிடம் அவற்றைக் காட்டி, “இதைக் குழாய் வழியாக எடுக்க முடியாதா?” என்று கேளுங்கள். முடியாது என்று அவரும் சொன்னால் ஆபரேஷனுக்குப் போங்கள், தயங்காதீர்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் இளம் மருத்துவர்களுக்கும் சொல்கிறேன்: முடிக்க முடியாது என்று தோன்றினால் தொடாதீர்கள். நல்ல படமாக நான்கு எடுத்துவிட்டு, அப்படியே வெளியே வந்து, தெரிந்தவரிடம் அனுப்புங்கள்.

மணி ஏழாகப் போகிறது. வடை தீர்ந்திருக்கும். இனி நீங்கள் கேளுங்கள்.